பழைய படகுக்குப் புதிய மெத்தை: பதினெட்டாயிரம் ரூபாய்க்குள் முடித்த வேலை

என் மாமனாரின் பைபர் படகு இருபதடி நீளம்; 1998-இல் தூத்துக்குடியிலேயே கட்டியது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு மாலுமிகளையும் காய்கறி மூட்டைகளையும் கொண்டு சேர்க்கும் வேலையில் பல ஆண்டுகள் ஓடியது. மாமா அந்தத் தொழிலை விட்ட பின்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடவும், பனிமய மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வரும் உறவினர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வரவும் மட்டுமே அது நீரில் இறங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்த அந்தப் பெருமழையின்போது, படகு எங்கள் தோட்டத்தில் மரக்கட்டைகளின் மேல் நின்றிருந்தது. மேலே கட்டியிருந்த தார்ப்பாய் கிழிந்து, இரண்டு நாள் மழையும் இருக்கைகளின் மேலேயே இறங்கியது. படகின் உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏற்கெனவே வெடித்தும் தையல் விட்டும் இருந்த ரெக்சின் மெத்தைகள்தாம் அதோடு முடிந்துபோயின.

மெத்தைகளை மாற்றித் தர விலை கேட்டபோது 46,000 ரூபாய் என்றார்கள். படகில் இருப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள இருக்கைகள், பின்புறம் குறுக்கே ஒன்று, ஓட்டுபவருக்கும் அருகில் இருப்பவருக்கும் சாய்மானத்தோடு இரண்டு இருக்கைகள், படகின் முன்முனையான அணியத்தில் முக்கோணமாக ஒரு மெத்தை; அவ்வளவே. அந்தத் தொகை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். கூலியும் நல்ல பொருளும் சேர்ந்தால் அவ்வளவு ஆகும். ஆனால், 2019-இல் இதே இருக்கைகளுக்கு ஒரு பட்டறையில் பணம் கொடுத்து மேலுறை மாற்றியிருந்தோம். அது நான்கு மழைக்காலங்களைக்கூட முழுமையாகத் தாங்கவில்லை. ஏன் தாங்கவில்லை என்பதை முதலில் நானே பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பிரித்த பின்பு, வேலையை வேறொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலையில் இடப்பக்க நீள இருக்கையைக் கழற்றினோம். ஒன்றரை மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் தடிமன் கொண்ட மெத்தை அது. மழை நின்று இரண்டு மாதம் ஆகியும் அதை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. மீன் நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தால் 23 கிலோ. மேலே ரெக்சின் காய்ந்து சூடாக இருந்தது. ஓர் ஓரத்தை அழுத்தியதும் அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடிந்தது. மாமா குனிந்து, ஸ்டேப்ளர் பின் அடித்திருந்த அடிப்பலகையை விரல்நகத்தால் கீறினார். பலகை ஊறிய ரஸ்க் போல உதிர்ந்தது. “மாப்பிள்ளை, எல்லாரும் மேல வெடிச்சதத்தான் பாக்காங்க. இது அடியிலருந்து செத்திருக்கு” என்றார். அதன் பிறகு நான் செய்த வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் வழியே போனதுதான்.

பிரிக்கப் பிரிக்கக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. உறையைத் தைத்திருந்த நூல் சட்டை தைக்கும் சாதாரண நூல். வெயில் படும் மேல் விளிம்பில் அதை இரண்டு விரலால் இழுத்தால், சத்தமே இல்லாமல் தூளாகப் போனது. அதே நூல் வெயில் படாத அடிப்பகுதியில் ஓரளவு உறுதியாகவே இருந்தது. ஆக, முதலில் விட்டது தையல், ரெக்சின் அன்று. தையல் விட்ட இடத்தில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. போன தண்ணீர் வெளியேறுவதற்கு அடிப்பலகையில் ஒரு துளைகூட இல்லை. பலகையின் வெட்டு விளிம்புகளுக்கு எந்தப் பூச்சும் இல்லாததால், அவை திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலத் தண்ணீரைக் குடித்திருக்கின்றன. சாதாரண இரும்பு பின்கள் உப்புக்காற்றில் துருவேறி, பாதிக்கு மேல் தலையிழந்து, கம்பி மட்டும் மரத்தில் நின்றது. உப்பளங்களுக்கு நடுவே வாழ்கிற ஊரில் இரும்பு பின்னை அடித்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. விலை குறைக்கச் சொல்லி நாங்களும் நெருக்கியிருப்போம்.

மேல்பரப்பில் இளஞ்சிவப்புத் திட்டுகள் சிலவும் இருந்தன. அவற்றை யாரோ மை கொட்டிய கறை என்றே பல ஆண்டுகள் நினைத்து, சோப்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது உள்ளிருந்து வருவது. ஈரமான ஃபோமில் வளரும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் சாயம், ரெக்சினுக்குள் இருக்கும் நெகிழ்வூட்டியில் கரைந்து மேலே ஏறுகிறது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்த்ததில் ரெக்சினின் மேற்பூச்சுதான் மெலிந்தது. இளஞ்சிவப்புக் கறை தெரியும் இருக்கைக்குள் ஈரம் இருக்கிறது என்று தயங்காமல் முடிவு கட்டலாம்.

ரெக்சின் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு செய்தி. இது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஒரு நிறுவனம் தயாரித்த செயற்கைத் தோலின் பெயர். அது துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்தது. நாம் இன்று கடையில் ரெக்சின் என்று கேட்டு வாங்குவது பி.வி.சி. பூசிய துணி. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பி.வி.சி. தன்னளவில் தண்ணீர்க் குழாயைப் போல விறைப்பானது. அதோடு கலக்கப்படும் நெகிழ்வூட்டிதான் அதை மெத்தை உறையாக வளைய வைக்கிறது. வெயிலிலும் சூட்டிலும் அந்த நெகிழ்வூட்டி மெல்ல மெல்ல வெளியேறிவிட, பரப்பு மறுபடியும் குழாயின் குணத்துக்குத் திரும்பி வெடிக்கிறது. படகுக்கென்றே செய்யப்படும் ரெக்சினில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மமும் பூஞ்சையைத் தடுக்கும் சேர்மமும் கூடுதலாக உண்டு. வீட்டு சோபாவுக்கும் வண்டிகளுக்கும் விற்கும் மலிவு ரகங்களில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகு, பணத்தை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்ற கணக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது. நூல், பின், மரப்பூச்சு ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெரியாதவை. மொத்தச் செலவில் சிறு பங்கு. ஆனால் இருக்கை சாவது இவற்றால்தான். இவற்றில் ஒரு ரூபாயும் குறைப்பதில்லை என்று முடிவு செய்தேன். வெயில் நேரே விழும் மேற்பரப்புக்கும் முன்பக்கப் பட்டைக்கும் படகு ரெக்சின். படகின் சுவரோடு ஒட்டி, வெயிலே காணாத பின்பக்கப் பட்டைகளுக்குச் சாதாரண கார் ரெக்சின். பழைய ஃபோமில் காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றுவது. கூலி, நானும் மாமாவும் அம்மாவின் உஷா தையல் இயந்திரமும்.

படகு ரெக்சின் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. கார் உதிரிப் பொருள்களுக்குப் பேர்போன சென்னை ஜி.பி. ரோட்டில் நண்பர் ஒருவர் விசாரித்து, உள்ளங்கை அகலத் துண்டுகள் இரண்டை அஞ்சலில் அனுப்பினார். துண்டைப் பார்க்காமல் மீட்டர் கணக்கில் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. பின்புறத்தில் நெய்த துணி இல்லாமல் பின்னல் துணி இருந்தால், மூலைகளில் நன்றாக இழுபடும். துண்டை நான்காக மடித்து நகத்தால் அழுத்தி விரித்தால், மடிப்பில் வெள்ளைக் கோடு நிற்கக் கூடாது. இரண்டில் ஒன்று அந்தச் சோதனையில் தேறியது. 54 அங்குல அகலம், மீட்டர் 1,150 ரூபாய். ஐந்து மீட்டர் சொன்னேன். நிறம் பாலாடை வெள்ளை. கருநீலம் அழகாக இருக்கும் என்று என் மனைவி சொன்னதில் உண்மை இருந்தாலும், சித்திரை வெயிலில் நின்ற கருநீல இருக்கையில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தவருக்கு அந்த அழகு பிடிபடாது. ஆகவே வெயில் காணாத பின்பட்டைகளுக்கு மட்டும் கருநீலம் என்று ஒத்துக்கொண்டோம். அந்தக் கார் ரெக்சின் உள்ளூரிலேயே மீட்டர் 240 ரூபாய்க்குக் கிடைத்தது.

ஸ்டேப்ளர் பின் வாங்குவதில்தான் அதிகம் அலைந்தேன். துருப்பிடிக்காத எஃகு என்று இரண்டு கடைகளில் இரண்டு பெட்டிகள் காட்டினார்கள். விலையில் மூன்று மடங்கு வித்தியாசம். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்பார்கள். கம்பியாக இழுத்து வளைக்கும்போது நல்ல எஃகிலும் லேசான காந்தத்தன்மை வந்துவிடுவதால், அதை மட்டும் நம்ப முடியவில்லை. உப்பளத்தில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் ஒரு பாட்டில் உப்புப்பாத்தித் தண்ணீர் வாங்கி வந்து, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பத்து பின்களைப் பாதி நீரில் மூழ்கும்படி சாய்த்து வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் மலிவுப் பெட்டியின் பின்கள் நீர்க்கோட்டில் செம்பழுப்பாகி, டம்ளரின் அடியில் துரு படிந்திருந்தது. மற்றவை ஒரு வாரம் கழித்தும் வாங்கிய அன்றைய பளபளப்போடு இருந்தன. ஆயிரம் பின் 850 ரூபாய் என்பது அதன் பிறகு அதிகமாகத் தெரியவில்லை. பின்னின் கால் நீளம் 8 மி.மீ.; 12 மி.மீ. பலகையில் அதைவிட மிக நீளமான பின் மறுபக்கம் குத்திவிடும்.

நூலுக்கு, பையும் செருப்பும் தைப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே முதலில் எடுத்துத் தந்தது நைலான். இழுத்தால் அறுக்கவே முடியாத உறுதி அதற்கு உண்டு. ஆனால் வெயிலில் பாலியெஸ்டரைவிட வேகமாக வலுவிழக்கும், நனைந்தால் சற்று நீளும். பிசின் ஏற்றிய பாலியெஸ்டர் நூல், டெக்ஸ் 70 பருமன் கேட்டு வாங்கினேன். ஒரு கோன் 450 ரூபாய். இதைவிடப் பருமனான நூல் வீட்டு இயந்திரத்தில் அடிநூல் சுற்றும் பாபினில் ஒழுங்காக ஓடாது. அதற்கேற்ற 18-ஆம் எண் ஊசிகளும், ரெக்சினில் ஒட்டாமல் வழுக்கிப் போகும் டெஃப்லான் பாதம் ஒன்றும் தையல் பொருள் கடையில் 120 ரூபாய்க்குக் கிடைத்தன.

பழைய உறைகளை வெட்டி எறிந்துவிடாதீர்கள், அவைதாம் வார்ப்பு, அதாவது புதிய துணியை வெட்டுவதற்கான மாதிரி. ஒவ்வொரு துண்டின் உட்புறத்திலும், பிரிப்பதற்கு முன்பே, எந்த இருக்கை, எந்தப் பக்கம், எது முன், எது மேல் என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதினேன். தையல் ஓடிய இடத்தில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டு, அந்தக் கோடுகளைப் புதிய துணிக்கும் மாற்றினேன். தைக்கும்போது கோடும் கோடும் சேர்ந்தால் துண்டு முறுக்கிக்கொள்ளாது. பழைய ரெக்சின் சில இடங்களில் சுருங்கியும் சில இடங்களில் தொய்ந்தும் இருக்கும் என்பதால், அதை அப்படியே வரைந்துகொள்ளாமல், பலகையையும் அளந்து, செய்தித்தாளில் ஒரு வார்ப்பு வெட்டி ஒப்பிட்டுச் சரிசெய்தேன். தையல் ஓரம் எல்லா இடத்திலும் 12 மி.மீ.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஒரு தவறு நடந்தது. பக்க இருக்கைகள் படகின் வளைவை ஒட்டி, பின்னால் 45 செ.மீ. அகலமும் முன்னால் 38 செ.மீ. அகலமுமாகக் குறுகுபவை, இடது இருக்கையும் வலது இருக்கையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் எதிரெதிரானவை. ரெக்சினைக் கவிழ்த்துப் பின்புறத்தில் வரைந்துகொண்டிருந்த நான், வார்ப்பைத் திருப்பிப் போட மறந்து, இரண்டையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். வெட்டி முடித்து இரண்டையும் படகில் விரித்தபோதுதான் தெரிந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கி வரப் போனார். தவறிய துண்டு ஒன்றரை மீட்டர் நீளம் இருந்ததால், ஓட்டுநர் இருக்கைகளின் சாய்மானங்களுக்கு அதிலிருந்தே வெட்டிக்கொள்ள முடிந்தது. ஆனாலும் சென்னையிலிருந்து இன்னொரு மீட்டர் வரவழைக்க வேண்டியதாயிற்று. பார்சலோடு 1,350 ரூபாய். அன்றிலிருந்து ஒவ்வொரு வார்ப்பின் மேலும் ‘இந்த முகம் ரெக்சினைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதிய பிறகே கத்தரிக்கோலை எடுத்தேன்.

எட்டுப் பலகைகளில் இடப்பக்க இருக்கையும் அணிய முக்கோணமும் மட்டுமே தூக்கிப் போடும் நிலையில் இருந்தன. மற்றவற்றின் ஓரங்களில் ஆணியால் குத்திப் பார்த்தேன்; ஆணி உள்ளே இறங்காத பலகை நல்ல பலகை. புதிய இரண்டுக்கும் ஐ.எஸ். 710 (மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையுள்ள 12 மி.மீ. மெரைன் பிளைவுட்டை, நீளவாக்கில் அறுத்த அரைத் தாளாக 1,900 ரூபாய்க்கு வாங்கினோம். மெரைன் என்று எழுதியிருந்தாலும் அதன் பசைதான் தண்ணீரைத் தாங்கும், மரம் மரம்தான். எனவே எல்லாப் பலகைகளிலும், நீள இருக்கைக்கு ஐந்து என்ற கணக்கில், 12 மி.மீ. துளைகளை முதலில் போட்டு, பின்பு தண்ணீர் புகாமல் தடுக்கும் எபாக்சி பிசினைப் பூசினோம். முகப்புக்கு இரண்டு பூச்சு. வெட்டு விளிம்புகளுக்கும் துளைகளின் உள்சுவருக்கும் மூன்று. பூசிவிட்டுத் துளை போட்டால், அந்தத் துளை வழியாகவே மறுபடி ஊறத் தொடங்கிவிடும். பழைய பலகைகளை இரண்டு வாரம் நிழலில் காயவைத்த பிறகே பூச்சைத் தொட்டோம், ஏனெனில் ஈரப் பலகைக்கு எபாக்சி பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

ஃபோமைக் காப்பாற்றியது பொறுமை கேட்ட வேலை. நான்கு மெத்தைகளின் ஃபோம் மட்டுமே தேறும்போலத் தெரிந்தது. மற்றவை நடுவில் அமுங்கி எழாமல் போயிருந்தன, அல்லது கறுத்துப் பொடிந்தன. தேறியவற்றைச் சோப்புக் கரைசலில் ஊறவைத்துக் காலால் மிதித்து, நல்ல தண்ணீரில் அலசினோம். எத்தனை முறை அலசுவது என்பதற்கு மாமா ஒரு வழி வைத்திருந்தார்: பிழிந்த நீரில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்ப்பார், உப்பு கரிக்காமல் போகும்வரை அலசல். ஃபோமுக்குள் உப்பு தங்கிவிட்டால், அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்; மெத்தை ஒருநாளும் முழுமையாகக் காயாது. கயிற்றுக் கட்டிலில் போட்டு, அடியில் காற்று புக, மின்விசிறி வைத்து, நிழலில் ஆறு நாள் உலர்த்தினோம். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான். ஆனால் வெற்று ஃபோம் வெயிலில் மஞ்சளாகி மேல்பரப்பு உதிரத் தொடங்கும்.

புதிதாகப் போட வேண்டிய இருக்கைகளுக்கு இரண்டு அடுக்கு. அடியில் 25 மி.மீ. இ.வி.ஏ. தாள், உடற்பயிற்சி விரிப்பு செய்கிற அதே வகை. அதன் துளைகள் ஒன்றோடொன்று இணையாதவை, தண்ணீரைக் குடிக்காது. மேலே 75 மி.மீ. தடிமனில் 40 டென்சிட்டி ஃபோம். உட்காருவதற்கு மென்மை தருவது அதுதான். முழு இருக்கையையும் இ.வி.ஏ.-வில் செய்தால் ஊறாது, ஆனால் அலையில் போகும்போது பலகையில் உட்கார்ந்ததுபோல முதுகெலும்பு வரை இடிக்கும். பலகையில் போட்ட துளைகளுக்கு நேராக இ.வி.ஏ.-விலும் துளை வெட்ட மறக்கக் கூடாது. மேல் ஃபோமைப் பலகையைவிடச் சுற்றிலும் 10 மி.மீ. கூடுதலாக, புதிய ஆக்சா பிளேடால் வெட்டினேன். இந்தக் கூடுதல்தான் உறைக்குள் அமுங்கி நின்று ரெக்சினைச் சுருக்கமில்லாமல் பிடிக்கும். இரண்டு அடுக்குகளையும் மூலைகளிலும் நடுவிலும் மட்டும் ரப்பர் பசையால் ஒட்டினேன். அந்தப் பசையைத் திறந்த வெளியில்தான் தொட வேண்டும். அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீயும் சட்டென்று பிடிக்கும்.

ஃபோமை பாலித்தீன் பையில் போட்டு மூடிவிட்டால் தண்ணீரே போகாதே என்று பலரும் கேட்டார்கள். பின்னும் ஊசியும் துளைத்த பையில் தண்ணீர் போகத்தான் செய்யும். போனால் வெளியே வராது. நான் மெல்லிய பாலித்தீனை மேற்புறமும் பக்கங்களும் மட்டும் மூடும்படி, கவிழ்த்த தட்டுபோலப் போட்டு, அடியைத் திறந்து விட்டேன். உறையை ஃபோமின் மேல் வழுக்கி ஏற்றுவதற்கும் அது உதவியது.

தையலில் அம்மாதான் குரு. அவருடைய கால்மிதி உஷா, மூன்று மடிப்பு ரெக்சினைச் சிரமமில்லாமல் தைத்தது. விளிம்பில் கயிறு பொதிந்து தைக்கும் பைப்பிங் சேரும் மூலைகளில் ஐந்தாறு மடிப்பு வரும்போது, மிதியை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் ஒவ்வொரு தையலாகச் சுற்றினேன். தையலின் நீளத்தை 4 மி.மீ. வைத்தேன். துணி தைப்பதுபோல நெருக்கித் தைத்தால் உறுதி கூடும் என்று தோன்றும். ரெக்சினில் அது அஞ்சல்தலை ஓரத்துத் துளைபோல ஆகி, இழுத்ததும் கோட்டோடு கிழியும். குண்டூசி குத்தினாலும் அந்தத் துளை என்றைக்கும் மூடாது என்பதால், துணி காயப்போடும் கிளிப்புகளால் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். முதல் உறையில் நான் பின்னாலிருந்து ரெக்சினைப் பிடித்து இழுத்ததில் ஊசி வளைந்து முறிந்தது. “இழுக்காதப்பா, அது பாட்டுக்குப் போகட்டும். நீ கையைக் காட்டினாப் போதும்” என்றார் அம்மா. அதன் பிறகு ஊசி முறியவில்லை.

பழைய உறைகளின் மேற்பரப்பில் கோடு கோடாக அலங்காரத் தையல் இருந்தது. பார்க்க அழகுதான், ஆனால் கிடைமட்டமான பரப்பில் போடும் ஒவ்வொரு தையலும் மழைக்குத் திறந்து வைத்த ஒரு துளை. புதிய உறையின் மேற்பரப்பை ஒரே துண்டாக, ஒரு தையல்கூட இல்லாமல் வைத்தேன். தையல் முழுவதும் ஓரத்தில், பைப்பிங்குக்கு அடியில் ஒதுங்கியது. பைப்பிங் சற்றுப் புடைத்து நிற்பதால், வெயிலும் தேய்மானமும் அதன் மேல் விழுகின்றன. நூல் அதன் நிழலில் பிழைத்துக்கொள்கிறது.

உறை ஏற்றும் வேலையை வேண்டுமென்றே அக்னி நட்சத்திரத்துக்குத் தள்ளி வைத்தோம். தைத்த உறையை மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் போட்டாலே, அது இட்லித் துணிபோல இளகிவிடும். சூடு ஆறுவதற்குள் மெத்தையில் ஏற்றிக் கவிழ்த்து, மாமா முழங்காலால் பலகையை அமுக்க, நான் நான்கு பக்கத்தின் நடுவிலும் முதலில் இரண்டிரண்டு பின் அடித்தேன். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றி அடித்து, மூலைகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் மடித்தேன். ஒரு பக்கத்தை முழுவதுமாக அடித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், சுருக்கமெல்லாம் ஒரே மூலையில் வந்து குவியும். முக்கோண மெத்தையின் கூர்முனையில் அப்படித்தான் குவிந்தது. மூன்று முறை பின்னைப் பிடுங்கி அடித்தும் ஒரு சிறு மடிப்பு இன்னும் நிற்கிறது. வெயிலில் இளகி இழுத்த ரெக்சின் மாலையில் ஆறியதும், தட்டினால் மேளம்போல ஒலித்தது.

அடியில், துளைகளை மறைக்காதபடி, கொசுவலைத் துணியை நீட்டி அடித்தோம். பூச்சி ஏறாது, தண்ணீர் இறங்கும். பலகை நேராக இருக்கைக்கு அடியில் உள்ள பைபர் பெட்டியின் மூடியில் படிந்தால் அங்கே ஈரம் தேங்கும் என்பதால், மிஞ்சிய இ.வி.ஏ.-வில் தீப்பெட்டி அளவுத் துண்டுகள் வெட்டி, நான்கு மூலையிலும் கால்களாக ஒட்டினேன். ஒரு விரல் நுழையும் அந்த இடைவெளி பணம் வாங்காத பாதுகாப்பு.

ஃபோமுக்கும் இ.வி.ஏ. தாளுக்கும் 3,600, எபாக்சிக்கு 1,100, பின் அடிக்கும் கை ஸ்டேப்ளருக்கு 900, பசை, பைப்பிங் கயிறு, வலைத்துணி, முதல் பார்சல் எல்லாம் சேர்த்து 1,220, ரெக்சின் இரண்டு வகைக்கும் 6,350, மேலே சொன்ன நூல், ஊசி, பின், பலகை, தவறுக்குக் கொடுத்த விலை என்று எல்லாவற்றையும் கூட்டினால் 17,840 ரூபாய் ஆயிற்று. சனி ஞாயிறுகளில் மட்டும் செய்ததால், மாசியில் தொடங்கிய வேலை வைகாசி பாதியில் முடிந்தது. ஜூலை 26-இல் பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன்பே படகு நீரில் இறங்கிவிட்டது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு நீரில் துடைக்கிறோம். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். எண்ணெயில் தூசியும் உப்பும் படிந்து பூஞ்சைக்கு உணவாகிறது. பிளீச்சிங் பவுடர் படகின் பக்கமே வரக் கூடாது, அது நூலையும் அரிக்கும்.

2024 வடகிழக்குப் பருவமழை முழுவதும் படகை அதே தோட்டத்தில், அதே மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி, இந்தமுறை தார்ப்பாயைச் சற்று உயர்த்திக் கட்டினோம். காற்றில் அது இரண்டு முறை விலகி, இருக்கைகள் நன்றாக நனைந்தன. மழை விட்ட நான்காம் நாள் இடப்பக்க நீள இருக்கையைக் கழற்றி, பழைய தொங்கு தராசிலேயே மாட்டினேன். வைகாசியில் மாட்டியபோது 9 கிலோ காட்டிய மெத்தை 9 கிலோ 400 கிராம் காட்டியது. மாமா அதைக் கவிழ்த்து, துளை ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். ஒன்றில் மட்டும் விரல் ஈரமாக வந்தது; அந்த மூலையில் இருந்த இ.வி.ஏ. கால் பிய்ந்துபோய், பலகை பெட்டி மூடியில் படிந்திருந்தது. புதிய கால் ஒட்டியாயிற்று. அடுத்து, தார்ப்பாய்க்குப் பதிலாக, படகின் விளிம்பைச் சுற்றிக் கயிறு இழுத்துக் கட்டும்படி கான்வாஸில் ஒரு மூடி தைக்க வேண்டும். பாலியெஸ்டர் நூல் கோனில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருக்கிறது.